முப்பத்தெட்டாவது ஆள்

பத்தொன்பது வருஷமாகப் பாலடோன் ஏரிக்குச் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்துப் போய் வருகிறேன். மடாலயத்துப் படியில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒயின் நிலவறையில் குடித்துவிட்டுப் பீப்பாய்மேல் சாய்ந்தபடி தூங்கிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவரை விட்டுவிட்டு வண்டியை எடுத்தது ஒரே ஒரு முறைதான்.

அக்டோபர் கடைசி. அறுவடை முடிந்து கொடிகளெல்லாம் மஞ்சளாகியிருந்தன. ஏரிக்கரையில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த வருஷத்தின் கடைசிப் பயணம் அது. புடாபெஸ்டிலிருந்து முப்பத்தெட்டுப் பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். காலையில் திஹானி மடாலயம், மதியம் பாடச்சோனி மலையடியில் யோலான் என்பவள் நடத்தும் நிலவறையில் சாப்பாடும் ஒயினும், சாயங்காலம் வீடு. எத்தனையோ முறை போன வழி. தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவேன்.

பஸ்ஸில் மைக்கைப் பிடித்ததும் எப்போதும் சொல்வதைச் சொன்னேன்: "யாராவது வழி தவறிட்டீங்கன்னா பதறாதீங்க. அங்க இங்க அலையவும் வேண்டாம். பஸ் நின்ன இடத்துலயே நில்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போவேன்."

திஹானியில் மடாலயம் பார்த்தோம். எதிரொலி மேட்டில் எல்லாரும் தொண்டை வறளக் கத்தினார்கள். நடுவில் வீடுகளும் மரங்களும் வந்துவிட்டதால் இப்போதெல்லாம் பாதிச் சத்தம்தான் திரும்பி வருகிறது. லாவெண்டர் பைகள் வாங்கினார்கள். பதினொன்றரைக்கு எல்லாரும் ஏறியதும் நான் பின்னாலிருந்து முன்னால் நடந்துகொண்டே எண்ணினேன். முப்பத்தெட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன். அப்போதும் முப்பத்தெட்டு. "சரியா இருக்கு பார்னா, எடு" என்றேன். டிரைவர் பார்னா வண்டியை எடுத்தார்.

பாடச்சோனியில் யோலான் வாசலிலேயே நின்று வரவேற்றாள். நீண்ட மேசைகளில் வாத்துக் கறியும் சிவப்பு முட்டைக்கோஸும் வைத்திருந்தாள். கூடவே அவள் தோட்டத்து நீலக்காம்புத் திராட்சையில் செய்த ஒயின். அந்தக் கொடியைப் பற்றி அவள் வழக்கமாகச் சொல்வதுண்டு: "இது தனியா நின்னா காய்க்காது. பக்கத்து வரிசையில வேற ஜாதிக் கொடி ஒண்ணு பூக்கணும். நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி, ஒரு ஆள் பக்கத்துல இல்லாம ஒரு வேலையும் நடக்காது!" எல்லாரும் சிரித்தார்கள். கடைசி மேசையிலிருந்து ஒருவர் மற்ற எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பழுப்புத் தொப்பி, தடித்த மீசை. பக்கத்தில் இருந்த இரண்டு அம்மாக்களுக்கு ஓயாமல் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். நன்றாகப் பழகுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தது. வேறொரு கம்பெனியின் வழிகாட்டிப் பெண். எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

"கிங்கா, என் வண்டியில ஒருத்தர் குறையுது. ஆம்புரூஷ்னு பேரு. பழுப்புத் தொப்பி, பெரிய மீசை. திஹானியில உன் பஸ்ஸும் என் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்துலதானே நின்னுச்சு? தப்பித் தவறி உன்கிட்ட ஏறிட்டாரா?"

கடைசி மேசையைப் பார்த்தேன். தொப்பிக்காரர் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டிருக்காரு" என்றேன்.

"அப்பாடா! நாங்க நாலு மணிக்கு அந்தப் பக்கம்தான் வர்றோம். அங்கயே உட்கார வை."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரைச் சேர்த்து முப்பத்தெட்டு என்றால், என் ஆட்களில் ஒருவர் இல்லை.

பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிடக் கை தூக்கினார்கள். "பாகோஷ் வில்மா" என்றபோது யாரும் தூக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் ஒரு கையும் எழவில்லை.

பட்டியலில் அவர் பெயருக்கு நேராக இருந்தது வீட்டுத் தொலைபேசி எண். அடித்துப் பார்த்தேன். அங்கே மணி ஒலித்துக்கொண்டே இருந்தது.

"பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு?" என்று கேட்டேன். யாரும் இல்லை. அவர் தனி இருக்கையில் வந்தவர்.

"சாம்பல் கோட்டு போட்டிருந்தாங்களே, அந்த அம்மாவா?"

"இல்லைங்க, பச்சைக் கோட்டு."

"ஒல்லியா, உயரமா இருப்பாங்களே..."

"உயரமா? அப்படி ஒருத்தரும் ஏறலையே."

காலை ஆறு மணியிலிருந்து அவரோடு ஒரே வண்டியில் வந்த முப்பத்தேழு பேரில் ஒருவருக்கும் அவர் முகம் ஞாபகம் இல்லை. அவர்களைச் சொல்லி என்ன? வண்டியில் ஏறும்போது கை கொடுத்தது நான். எனக்கும் ஞாபகம் இல்லை.

யோலானின் காரை வாங்கிக்கொண்டு திஹானிக்குத் திரும்பினேன். ஐம்பது நிமிஷ வழி. எந்த முகத்தைத் தேடுவது என்று தெரியாமலே ஓட்டினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. பஸ்கள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. மூடிக்கிடந்த லாவெண்டர் கடையின் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கோட்டு நீல நிறம். மடியில் கைப்பை. ஏரிக் காற்று நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா" என்றார். கோபமே இல்லை. மெல்லிய குரல், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, மன்னிச்சிடுங்க. எப்படிச் சொல்றதுன்னே தெரியல..."

"மடாலயத்துக்குக் கீழே இருக்கிற பழைய ராஜாவோட கல்லறை அறையில உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் நேரமாயிடுச்சு. மேல வந்து பார்த்தா வண்டி இல்ல. நீங்கதான் நின்ன இடத்துலயே நிக்கச் சொன்னீங்களே."

"மூணு மணி நேரமாவா இங்கயே இருந்தீங்க? மடாலயத்துல போய்ச் சொல்லியிருக்கலாமே. ஒரு டீயாவது குடிச்சிருக்கலாமே!"

"நான் டீ குடிக்கப் போற நேரத்துல நீங்க வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டீங்கன்னா?"

அவர் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. எழுந்தபோது கால் மரத்துப்போய்த் தடுமாறினார். திறந்திருந்த ஒரே கடைக்குக் கூட்டிப்போய், சுடச்சுடப் பொரித்த லாங்கோஷ் ரொட்டியில் பூண்டு தடவி வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே, ஒரு துணுக்குக்கூடச் சிந்தாமல் சாப்பிட்டார்.

"வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி எண்ணினீங்களா?" என்று கேட்டார்.

"எண்ணினேன்."

"எத்தனை வந்துச்சு?"

"முப்பத்தெட்டு."

"சரியாத்தானே இருந்திருக்கு" என்றார்.

ஆம்புரூஷ் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

காரில் போகும்போது அவராகவே பேசினார். முப்பத்தொரு வருஷம் ஒரு நாடக அரங்கத்தில் வேலை. மேடையில் நடிப்பவர்கள் வசனத்தை மறந்தால் மறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பவர்.

"என் சத்தம் நடிகருக்குக் கேட்கணும், ஜனங்களுக்குக் கேட்கக்கூடாது. ஒருத்தர் திரும்பி 'யாரு அது'ன்னு பார்த்தாக்கூட அன்னிக்கு நான் வேலையைக் கெடுத்துட்டேன்னு அர்த்தம்."

"கஷ்டமான வேலைம்மா."

"பழகிடும். போன குளிர்காலத்துல டிராம்ல ஒருத்தர் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். பெரிய நடிகர். இருபது வருஷம் அவருக்கு அடியெடுத்துக் கொடுத்திருக்கேன். என்னைப் பார்த்து, 'மேடம், இது ஆஸ்பத்திரிப் பக்கம் போகுமா'ன்னு கேட்டார். 'அடுத்த நிறுத்தம்'னு மெதுவாச் சொன்னேன். அவ்வளவுதான், சட்டுன்னு நிமிர்ந்து சுத்திமுத்திப் பார்த்தார். முன்னால, பின்னால, எல்லாப் பக்கமும். என்னைத் தவிர."

"நான்தான்னு நீங்க சொல்லலையா?"

"அதுக்குள்ள அவர் இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு."

ஏரி இடது பக்கம் சாம்பலாகக் கூடவே வந்தது.

யோலானின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். எங்களைப் பார்த்ததும் கூட்டத்தில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். வில்மா தலையைக் குனிந்துகொண்டார். யோலான் ஓடி வந்து ஒரு கிளாஸ் நீலக்காம்பைக் கையில் கொடுத்து, அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள். அப்போது ஆம்புரூஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து முன்னால் நின்றார்.

"அம்மா, உங்க சீட்டுல உட்கார்ந்து வந்த திருடன் நான்தான். உங்க வாத்தையும் நான்தான் சாப்பிட்டேன். அதுவும் ரெண்டு தொடை!" என்றார் சிரிப்போடு. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"பரவாயில்லை. வண்டி மாறிடுச்சு, என்ன செய்றது" என்றார் வில்மா.

அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை போலும். குடித்த ஒயினும் காரணமாக இருக்கலாம்.

"மாறித்தான் ஏறினேன். ஆனா ஏறி அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு" என்றார். "டிரைவர் வேற, ஆளுங்க வேற. சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள முன் சீட்டு அம்மா திரும்பி ஒரு டப்பாவை நீட்டி, 'இந்தாங்கண்ணே, வீட்டுல சுட்ட பிஸ்கட்டு, எந்த ஊரு நீங்க'ன்னு கேட்டாங்க. என் வண்டியில காலையில இருந்து ஒருத்தரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆகுது. சாப்பாடு வரைக்கும் இருந்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

வில்மா கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேவா?"

"உங்களை விட்டுட்டு வந்துட்டாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. காலியாக் கிடந்த சீட்டுன்னுதான் நினைச்சேன்."

"காலிச் சீட்டா?" வில்மா எழுந்து நின்றார். "மூணு மணி நேரம்! மூணு மணி நேரம் அந்தக் காத்துல உட்கார்ந்திருந்தேன்! ஒரு வார்த்தை, 'நான் இந்த வண்டி இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தம்மா மறுபடி எண்ணியிருப்பாங்க. உங்களுக்குப் பேச ஆள் வேணும்னா என் இடம்தானா கிடைச்சுது? எனக்கு மட்டும் பேச ஆள் இருக்கா? நான் யார் இடத்துல போய் உட்கார்ந்தேன்?"

நிலவறைச் சுவர்களில் அந்தக் குரல் மோதியது. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை மெல்லிய பெண்மணிக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆம்புரூஷின் முகம் வெளிறிப்போனது. தொப்பியைக் கசக்கிக்கொண்டே, "என் வண்டியிலயும் ஒன்றரை மணிக்குத்தாம்மா நான் இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க" என்றார் தாழ்ந்த குரலில். "இத்தனைக்கும் நான் வாய் ஓயாதவன்."

வில்மா உட்கார்ந்து, கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்தார். நாலு மணிக்கு ஆம்புரூஷின் பஸ் வந்து ஹாரன் அடித்தது. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். வில்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புரூஷ் போய்விட்டார்.

திரும்பும் வழியில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவராக ஏற்றினேன். காலையில் வில்மாவைப் பார்க்கவே பார்க்காதவர்கள் இப்போது வரிசையாக வந்து விசாரித்தார்கள். குளிருதாம்மா, போர்வை வேணுமாம்மா, தனியாவா இருக்கீங்க, பிள்ளைங்க எங்க இருக்காங்க. பிஸ்கட் டப்பாவும் வந்தது. வில்மா ஒன்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பார்னா கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, "விடு கிங்கா, அவங்களைக் கொஞ்சம் சும்மா விடச் சொல்லு" என்றார். நான் மைக்கை எடுத்து எல்லாரையும் உட்காரச் சொன்னேன்.

புடாபெஸ்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. பலருக்கு மகனோ மருமகனோ கார் கொண்டுவந்திருந்தார்கள். வில்மா இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"டிராம் வரைக்கும் நான் கூட வரட்டுமாம்மா?"

"வேண்டாம். நீங்களும் வீட்டுக்குப் போகணுமே."

வீட்டுக்குப் போய் நான் செய்ய ஒன்றும் இல்லை. மகள் ஆஸ்திரியாவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நானும் அந்தத் தொப்பிக்காரரைப் போல ஆகிவிடுவேனோ என்று பட்டது. சொல்லவில்லை. வில்மா தலையசைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரியில் எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆம்புரூஷ் எழுதியிருந்தார். அந்த அம்மாவிடம் முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும், விலாசம் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். உள்ளே வில்மாவுக்கென்று ஒட்டிய இன்னொரு உறையும் இருந்தது. கனமான உறை. நிறைய எழுதியிருப்பார். விலாசத்தைத் தரக்கூடாது என்பது விதி. அதனால் உறையைப் பிரிக்காமல் நானே வில்மாவின் விலாசத்தை அதன்மேல் எழுதித் தபாலில் போட்டேன்.

வில்மா பதில் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை தோன்றியது. கேட்கவில்லை.