பருப்பும் ஓடும்

"எங்க வூட்ல முந்திரி உடைப்போம் மேடம். அதுலேர்ந்துதான் இந்த ஐடியா தோணுச்சு" என்று என்கூடப் படிக்கும் ஜோதி, காலேஜ் போட்டி மேடையில் சொன்னதும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

அவள் வீடு பெரம்பலூர் டவுனில். அப்பாவுக்கு செல்போன் கடை. முந்திரியைப் பாயசத்தில்தான் பார்த்திருப்பாள். முந்திரி உடைப்பது ஆண்டிமடத்தில் இருக்கும் எங்கள் வீடு. ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. எந்த சோப்புக்கும் போகாது.

அவள் மேடையில் காட்டிய கால்குலேட்டர் ப்ரோகிராமும் நான் எழுதியதுதான். கறுப்புத் திரையில் இரண்டு எண்களைத் தட்டினால், ஒன்றும் பூஜ்யமுமாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எட்டெட்டு கட்டத்தில் காட்டும். ஒன்றுக்குப் பருப்பு, பூஜ்யத்துக்கு வெற்று ஓடு. அந்தக் குட்டிப் படங்களையும் நானே போட்டேன். போன வருஷம் ஜோதிக்கு எக்ஸார் என்ற கம்ப்யூட்டர் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய், பாயில் பருப்பையும் ஓட்டையும் வரிசையாக வைத்தேன்.

"மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருந்தா ஓடு. வேற வேறயா இருந்தா பருப்பு. அவ்ளோதான்டி."

கிளம்பும்போது அம்மா முழுப் பருப்பாகப் பொறுக்கி அவளுக்குக் கட்டிக் கொடுத்தாள். நாங்கள் தின்பது உடைசல்தான்.

எனக்கு லேப்டாப் கிடையாது. அவளுடையதில்தான் எழுதினேன். "ரெண்டு பேர் பேரையும் போட்டுக் குடுத்துடறேன் வேணி" என்றாள். நம்பினேன், கேனச்சி. ஜெயித்தால் சென்னைக் கம்பெனியில் வேலை. இப்போது பெரிய திரையில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

நடுவராக வந்திருந்த பெண்மணி கேட்டார்: "ஒரே எண்ண ரெண்டு தடவ குடுத்து எக்ஸார் பண்ணா?"

"எல்லாமே ஓடுதான் மேடம்!"

கைதட்டினார்கள். அந்த அளவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பாவி.

டீ இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள். "வேலை ஒருத்தருக்குத்தான்னு நேத்துதான்டி சொன்னாங்க. உனக்கு எப்படியும் தை மாசம் கல்யாணம்னு உங்கம்மா சொன்னாங்கல்ல?"

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி!"

அவள் தலையைக் குனிந்து டீயை ஊதினாள். விறுவிறுவென்று மேடையேறினேன். லேப்டாப் திறந்தபடியே இருந்தது. "வேணி, வேண்டாம்டி" என்று கீழிருந்து அவள் குரல் வந்தது.

இருநூறு என்று தட்டினேன். மறுபடியும் இருநூறு. எக்ஸார்.

பெரிய திரையில் விடை எட்டும் ஓடாக வந்து நின்றது. டீ கிளாஸோடு நடுவரம்மா மேடையருகே வந்துவிட்டார். அவர் திரையைப் பார்க்கவில்லை. கீபோர்டின் மேல் இருந்த என் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.