ஆறாவது கைப்பிடி

ஐந்து பேரின் கோட்டிலும் வெள்ளைப் பூவைக் குத்தி முடித்தாள் ஹாலினா. ஆறாவது பூ கையிலேயே இருந்தது.

சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி. ஒன்றுக்குச் சித்தப்பா காஸிக். நான்குக்கு, அப்பாவோடு ஒரே காரில் ஊர் ஊராகப் போய் மல்யுத்த மேடையில் வில்லனாக ஆடிய நான்கு பேர். முன்பக்க வலது கைப்பிடி மட்டும் டேலுக்கு. ஆஸ்பத்திரியில் அப்பா தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

டேல் வந்திருந்தார். ஆனால் மண்டபத்தின் பின்சந்தில், காருக்குள், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹாலினா பின்கதவு வழியாகப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“உள்ள வாங்க.”

“எப்படிம்மா வர்றது? வாசல்ல பத்திரிகைக்காரன் கேமராவோட நிக்கிறான். உங்கப்பா பெட்டியை நான் தூக்குற படம் வந்துச்சுன்னா, எங்க பகையெல்லாம் நடிப்புன்னு தெரிஞ்சு போயி, பதினொரு வருஷமா அவரு வாங்கின வசவு அத்தனையும் வீணாப் போயிடும்.”

புதன்கிழமைதோறும் தொலைக்காட்சியில் அப்பா ஜெர்மன் பிரபு பாரன் கிரால். ஒரு கண்ணுக்கு மட்டும் மாட்டும் ஒற்றைக் கண்ணாடி, முழங்கால்வரை பூட்ஸ், நல்லவனாக வரும் எதிராளி டேலின் கண்ணில் மண்ணைத் தூவும் கை. உண்மையில் அவர் பென்சில்வேனியாவின் சுரங்க ஊரில் பிறந்த ஸ்டெஃபன் வாய்டா; அவருக்குத் தெரிந்த ஜெர்மன் பத்து வார்த்தை. இருந்தும் குடியிருந்த பஃபலோ நகரில் ரொட்டி வாங்கப் போனாலும் பாரனாகவே போனார். பள்ளியில் ஹாலினாவின் மேசையில் ‘நாஜி மகள்’ என்று யாரோ கத்தியால் கீறியிருந்தார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

“ஞாயித்துக்கிழமையானா எங்க சமையக்கட்டுல திரையை இழுத்து விட்டுட்டு நீங்களும் அப்பாவும் ஒண்ணா சாப்பிட்டீங்களே. அது?”

டேல் தொப்பியை இன்னும் கீழே இழுத்தார்.

“நேரா அந்தப் பத்திரிகைக்காரன்கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்,” என்றாள். “எங்கப்பா பேரு என்னன்னாவது இந்த ஊருக்குத் தெரியட்டும்.”

“சொல்லும்மா. உனக்கு உரிமை இருக்கு.” அவர் குரல் இறங்கியிருந்தது. “நான் தடுக்க மாட்டேன்.”

பின்னாலிருந்து இருமல் கேட்டது. மரே. ‘கறுப்பு மரணம்’ என்ற பெயரில் முகமூடியோடு மல்லுக்கு வருகிறவர். முகமூடி இல்லாவிட்டால் செருப்புக்கடைக் கணக்கப்பிள்ளை மாதிரி இருப்பார். முறிந்த வலக்கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டிருந்தார்; அதனாலேயே தூக்குகிற நால்வரில் அவர் இல்லை. இடக்கையால் கோட்டுப் பையிலிருந்து கறுப்புத் துணியை உருவினார்.

“எனக்குத் தூக்க முடியாது. நீ போட்டுக்க.”

“நானா? யோவ், நான் நல்லவன்யா!”

“ஒரு மணி நேரம் கெட்டவனா இரு. ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்ட.”

டேல் முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

பெட்டி வெளியே வந்ததும் நடைபாதையில் நின்ற நூறு பேரும் ஊளையிட்டார்கள். அப்பா இருந்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஒற்றைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அரங்கின் முதல் வரிசையை ஒரு வாரமும் விடாத டன்லீவி அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, குடையால், முகமூடிக்குள் இருந்த டேலின் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

“அடுத்தது நீதாண்டா, பாவி!”

இதே அம்மாள் போன மாதம் டேலின் கன்னத்தில் முத்தமிட்டு மிட்டாய்ப்பெட்டி கொடுத்தவள். டேல் அப்படியே நின்றுவிட்டார்.

“நிக்காத. உறுமு,” என்றார் பின்கைப்பிடியிலிருந்த ஷேக் என்ற வில்லன், உதடு அசையாமல்.

டேல் உறுமினார். சளி பிடித்த நாய் மாதிரி இருந்தது. சித்தப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று ஹாலினாவுக்குத் தெரியவில்லை. கூட்டத்துக்குள் சாதாரணத் தொப்பியோடு நின்ற மரே, தன் முகமூடியைப் பார்த்துத் தானே எல்லோரையும்விட உரக்க ஊளையிட்டார். அவள் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கல்லறையிலும் கூட்டம் வேலிக்கு வெளியே நின்றது. பத்திரிகைக்காரன் மட்டும் உள்ளே வந்துவிட்டான். பாதிரியார் தாழ்ந்த குரலில் “ஸ்டெஃபன்” என்றார். குழியைச் சுற்றி நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தப் பெட்டி இறங்கியது; டேல் இன்னும் குனிந்தார். முகமூடியின் பின்நாடா மெல்ல நழுவியது. பிடரியில் ஒரு கற்றைப் பொன்முடி வெளியே வந்தது. நாடு முழுக்கத் தெரிந்த முடி.

பத்திரிகைக்காரன் கேமராவை உயர்த்தினான்.

ஹாலினா ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும்.

அவள் நடந்துபோய்க் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முடியை உள்ளே தள்ளினாள். புதன்கிழமை சாயங்காலங்களில் அப்பாவின் பூட்ஸுக்குக் கட்டுவதுபோல நாடாவைக் குறுக்கே இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள். கையிலிருந்த பூவை அவர் கோட்டில் குத்தினாள். கண்ணுக்குக் கீழே கறுப்புத் துணி ஈரத்தில் இன்னும் கறுத்திருந்தது.

“இறுக்குதா?” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் டேல். “இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு.”