பூ எங்கள் கீதம்

கூரியர்காரர் தெருவில் நின்று இனிஷியலோடு முழுப் பெயரையும் கூவியபோது வினோதினி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த போர்வையைக் கொடியில் அப்படியே எறிந்துவிட்டு இறங்கி ஓடினாள். வந்திருந்தது உள்ளங்கையளவு பெட்டி. உள்ளே மெத்தை போட்டுப் படுக்கவைத்ததுபோல் இரண்டு இயர்பட்ஸ். கூடவே ஒரு கடிதம். ‘பெல்லாரோ லிங்க். இருபத்திரண்டு மொழிகளை உடனுக்குடன் உங்கள் காதிலேயே மொழிபெயர்க்கும். வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு முன் எதையும் வெளியிட வேண்டாம்.’

அவள் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். ‘பிரிச்சுப் பாக்கலாம்’ என்ற யூடியூப் சேனலை ஆரம்பித்து மூன்றரை வருஷம் ஆகிறது. நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள். ஆனாலும் இதுநாள்வரை எந்தக் கம்பெனியும் ஒரு சார்ஜர் வயர்கூட அனுப்பியதில்லை. புது போன் வந்தால் திருவண்ணாமலை தேரடி வீதியில் தெரிந்த கடைக்குப் போவாள். ஒரு மணி நேரம் கடனாகக் கேட்பாள். கடைக்காரர் பக்கத்திலேயே நின்று, “பாத்தும்மா, கீறல் வுழுந்துடப் போவுது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலும் வீடியோவில் பதிவாகும். அதற்கென்றே ரசிகர்கள் உண்டு.

பகலில் அவளுக்கு இ-சேவை மையத்தில் வேலை. கணவன் சுரேஷ்குமார் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு நாளில் கேமரா பிடிப்பான்.

“சென்னைல எல்லாரும் ஸ்டுடியோல உக்காந்து டெஸ்ட் பண்ணுவாங்க” என்றாள் வினோதினி. “நாம நெஜமான ஆளுங்கள வெச்சுப் பண்ணுவோம். தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர். தமிழே தெரியாத ஒருத்தர்.”

சுரேஷ்குமார் யோசிக்கவே இல்லை. “ஜெயந்திம்மா வூடு” என்றான்.

ஜெயந்திமாலா ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் இருப்பவர். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். வயது ஐம்பத்தெட்டு. மாடியில் மூன்று அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். நடு அறைக்கு ஆறு வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் ஸ்பெயினிலிருந்து மார்த்தா வருவாள். அங்கே தையல் கடை வைத்திருந்து, வயதான பிறகு மூடிவிட்டவள். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், ஜெயந்திமாலாவுக்கு அதுவும் இல்லை. கையால் காட்டிக்கொள்வார்கள். தலையாட்டிக்கொள்வார்கள். ஆறு வருஷமும் அப்படியே ஓடிவிட்டது.

புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குப் போனார்கள். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் ஜெயந்திமாலா சாப்பிட்டாக வேண்டும் என்பதால் அதற்குள் முடித்துவிடுவதாகப் பேச்சு. மாடி வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டு, மலை பின்னால் தெரிகிற மாதிரி சுரேஷ்குமார் கேமராவை வைத்தான். வினோதினி ஆளுக்கொரு காதில் ஒன்றை மாட்டிவிட்டாள். தமிழைக் கருவி எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்பதும், ஸ்பானிஷின் தமிழ் மொழிபெயர்ப்பும் அவள் போன் திரையில் எழுத்தாக வரும்.

“எது வேணாலும் பேசுங்க ஜெயந்திம்மா.”

ஜெயந்திமாலா தொண்டையைச் செருமினார். “இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா கீது.”

திரையில் வந்தது: ‘இன்றைக்கு வெயில் சாத்திய கீதம்.’

மார்த்தா காதில் ஸ்பானிஷ் ஓடியது. அவள் மலையைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், கண்ணை மூடி மெல்லத் தலையாட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள்.

ஜெயந்திமாலா திடுக்கிட்டுத் திரும்பினார். “ஆமா, வெயில் ஒரு பாட்டுதான், அழகாச் சொன்னீங்கங்குது இது. நான் எங்கடி பாட்டப் பத்திச் சொன்னேன்?”

சுரேஷ்குமார் சிரித்ததில் கேமரா ஆடியது. வினோதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ‘இருக்கிறது’ என்பதைக் ‘கீது’ என்கிற அவரது பேச்சு இந்தக் கருவிக்கு ஏறவில்லை. “ஜெயந்திம்மா, கொஞ்சம் புஸ்தகத்துல இருக்கற மாதிரி பேசிப் பாருங்க.”

“ரேடியோல நியூஸ் வாசிப்பாங்களே, அப்டியா?” ஜெயந்திமாலா நிமிர்ந்து உட்கார்ந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். “வணக்கம். திருவண்ணாமலையில் இன்று வெப்பம் அதிகமாகக் காணப்படுகிறது. தங்கள் அறையில் மின்விசிறி நல்ல முறையில் இயங்குகிறதா?”

மார்த்தா துள்ளி எழுந்தாள். மின்விசிறி இரண்டு வருஷமாகக் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தாளாம். அதற்கப்புறம் இருவரையும் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் மோட்டார், குரங்குத் தொல்லை, மார்த்தாவின் பேரன் படிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. ஜெயந்திமாலா ஒவ்வொரு வாக்கியத்தையும் செய்தி வாசித்தே முடித்தார். ‘குரங்குகள் பிற்பகலில் தோன்றக்கூடும்’ என்றபோது வினோதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இத்துடன் முடித்திருந்தால் நல்ல வீடியோ கிடைத்திருக்கும். ஆனால் மார்த்தா திடீரென்று உள்ளே போய்ப் பழைய போன் ஒன்றை எடுத்துவந்தாள். திரை விரிசல் விட்டிருந்தது. மார்போடு அதைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஜெயந்திமாலா காதில் கேட்டதை, வினோதினி திரையில் படித்தாள்.

நாலு வருஷத்துக்கு முன் மார்த்தாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் பகல் முழுக்க ஜெயந்திமாலா கட்டிலருகே உட்கார்ந்து கஞ்சி கொடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் ஒரு மந்திரம் சொன்னார். அதில் பதினொரு நிமிஷத்தை மார்த்தா பதிவு செய்து வைத்திருக்கிறாள். உடம்புக்கு முடியாதபோதெல்லாம் அதைத்தான் போட்டுக் கேட்கிறாள். ஊரில் தன் தோழிகளுக்கும் கொடுத்திருக்கிறாள். ஒருத்தி ஆபரேஷனுக்குப் போகும்போதுகூடக் கேட்டாளாம். அதன் அர்த்தத்தை இன்றைக்காவது தெரிந்துகொள்ள வேண்டும்.

“மந்திரமா?” என்றார் ஜெயந்திமாலா. “நானா?”

மார்த்தா பொத்தானைத் தட்டினாள். கரகரப்பான பதிவிலிருந்து ஜெயந்திமாலாவின் குரலேதான் வந்தது. “மாமியாக்காரி கதவ சாத்திகினா. பால்ல மாத்திரையப் போட்டா. பூட்டு எங்க கீதுன்னு அந்தப் பொண்ணு தேடுது...”

வினோதினி திரையைப் பார்த்தாள். எழுத்துகள் நிதானமாக ஊர்ந்து வந்தன.

‘மாமரத்தின் கதவே சாத்திரம். பாலில் மாத்திரம் போதும். பூ எங்கள் கீதம்.’

மார்த்தாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள்.

ஜெயந்திமாலாவின் முகம் சிவந்து வெளுத்தது. வினோதினியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். காதிலிருந்ததைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார். “அது மத்தியான சீரியல் கதைடி. அந்தம்மா பக்கத்துலயே உக்காந்துகினு இருந்ததுல நான் பாக்கல. என் தங்கச்சி போன்ல கத சொன்னா. அத நான் இந்தம்மாகிட்ட சொன்னேன். பயந்துபோய் படுத்துகினு இருந்துச்சு. பேச்சு சத்தம் கேட்டா தைரியமா இருக்கும்னு வாய்க்கு வந்தத பேசினேன். இப்ப இன்னா பண்றது?”

“சொல்லாம வுட்டுடலாம்” என்றான் சுரேஷ்குமார். “சந்தோஷமா கீறாங்க. எதுக்குக் கெடுக்கணும்?”

வினோதினிக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பூ எங்கள் கீதம் என்று சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஜெயந்திமாலா தலையை ஆட்டினார். “ஆபரேஷனுக்குப் போறவ காதுலல்லாம் மாமியா வெஷம் வெச்ச கதைய ஓட்டிகினு கீறாங்க. பொய்ய அப்டியே வுட்டா எனக்குச் சோறு எறங்காது.” கருவியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு நாற்காலிக்குப் போனார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மார்த்தா அவர்களே. தாங்கள் வைத்திருப்பது மந்திரம் அல்ல. அது தொலைக்காட்சித் தொடரின் கதை. தங்கள் அருகில் இருந்ததால் என்னால் தொடரைப் பார்க்க இயலவில்லை. ஆகவே, கேள்விப்பட்ட கதையைத் தங்களிடம் கூறினேன். தவறுக்கு வருந்துகிறேன்.”

மார்த்தா விரிசல் விட்ட போனையே பார்த்தாள். கீழே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தன் வீடியோவுக்காக ஒருத்தியின் நாலு வருஷ நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டோமே என்று வினோதினிக்கு இருந்தது. கேமராவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

அப்போது மார்த்தா ஏதோ கேட்டாள். திரையில் ஒரே வரி.

‘அந்தப் பெண் பாலைக் குடித்தாளா?’

ஜெயந்திமாலா புடவைத் தலைப்பை மறுபடி சரிசெய்தார். பிறகு, “குடிக்கவில்லை. பால் பூனைக்குப் போய்ச் சேர்ந்தது” என்றார். மார்த்தா சிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து இன்னும் பக்கத்தில் போட்டாள். ‘மூன்று நாளும் நீங்கள் எழுந்து போகவில்லை. அது எனக்குத் தெரியும். மீதிக் கதையைச் சொல்லுங்கள்.’

அன்றைக்கு ஜெயந்திமாலா பொழுது சாய்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் சாப்பிட இறங்கினார். சுபம் போட்டு முடிந்துபோன அந்தத் தொடரின் எண்ணூறு பாகத்தில் நூற்றிருபதுவரைதான் சொல்லி முடித்திருந்தார். வீடியோவில் போட இருவரும் சம்மதித்தார்கள். ஜெயந்திமாலா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். முதல் பகுதியை அரக்கு நிறப் பட்டுப் புடவையில் திரும்ப எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அப்படியே எடுத்தார்கள்.

வீடியோவை வெளியிட ஒரு மணி நேரம் இருக்கும்போது, கம்பெனியின் விளம்பர வேலையைப் பார்க்கும் இனியன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். வினோதினி ஆர்வத்தில் முன்னோட்டம் அனுப்பி வைத்திருந்தாள்.

“மேடம், சூப்பரா பண்ணியிருக்கீங்க. அந்த கீது, கீறா வர்ற இடத்த மட்டும் எடுத்துடுங்களேன். அது ஒரு வட்டார வழக்குதானே.”

முதல் பெட்டி இது. மே மாதம் அவர்களுடைய மடிக்கிற போன் வருகிறது. அதுவும் கிடைக்கும் என்று ஆசை காட்டியிருந்தார்கள்.

“அத எடுத்துட்டா வீடியோல ஒண்ணுமே இல்லீங்க” என்றாள். “எங்க ஊர்ல யாரும் நியூஸ் வாசிச்சு காய்கறி வாங்கறதில்ல. உங்க மெஷின் நல்லாத்தான் கீது. எங்க பேச்சு அதுக்குத் தெரியல. ரெண்டையும் சொல்லுவேன்.”

அவன் கோபப்படவில்லை. பார்க்கலாம் மேடம் என்றான். மடிக்கிற போன் அவளுக்கு வரவில்லை. இயர்பட்ஸையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அவள் வந்த பெட்டியிலேயே, அதே மெத்தையில் வைத்து அனுப்பினாள்.

வீடியோ இரண்டு லட்சத்தைத் தாண்டியது. போளூர், ஆரணி, குடியாத்தம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் தங்கள் வீட்டுப் பேச்சை எழுதி, ‘இது அதுக்குப் புரியுமா?’ என்று கேட்டார்கள். தேரடி வீதிக் கடைக்கு அந்த மாடல் வந்ததும் வினோதினி ஒரு மணி நேரம் கடன் வாங்கினாள். அவர்கள் எழுதியவற்றில் அறுபத்து மூன்று வாக்கியங்களைப் பொறுக்கி ஜெயந்திமாலாவை வாசிக்கச் சொன்னாள். மார்த்தா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது சரியாக வந்தன.

மே மாதம் கம்பெனி ஒரு அப்டேட் விட்டது. ‘பேச்சுத் தமிழ் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. மார்த்தா அதற்குள் ஊருக்குப் போயிருந்தாள். கடையில் மறுபடி கருவியைக் கடன் வாங்கி, வீடியோ காலில் அவளை உட்காரவைத்து அதே அறுபத்து மூன்றையும் மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை முப்பத்தொன்று. அந்த வாரம் தன் சேனலின் கேட்ஜெட் செய்திகளில் வினோதினி இதைத்தான் முதலில் சொன்னாள். உலகமே பேசிக்கொண்டிருந்த மடிக்கிற போன் இரண்டாவதாக வந்தது.