ஏழு படத்திலும் இல்லாத முடிச்சு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. மனுஷங்க ஒருத்தரோட ஒருத்தர் எவ்வளவு ஒட்டியிருக்காங்கன்னு அளக்கப்போய், ஜெயிச்சு வந்த ஒருத்தி கதையைச் சொல்றேன்.

தென்னூர் யமுனாவுக்கு வயசு நாற்பத்தொன்று. ரெண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டி விற்கிற முப்பத்தாறு பெண்களுக்குள்ளே 'நாம ஒரே கூட்டம்' என்கிற நினைப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கென்று ஒரு தாள். அதில் ஏழு படம், படத்துக்கு ரெண்டு வட்டம். ஒரு வட்டம் 'நான்', இன்னொன்று 'எங்க கூட்டம்'. முதல் படத்தில் வட்டங்கள் தள்ளி நிற்கும். போகப்போக ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஏழாவதில் கிட்டத்தட்ட முழுசாக மூடிக்கொள்ளும். நம்ம நிலைமை எதுவோ, அதைத் தொட வேண்டும்.

முப்பத்தாறு பேரும் முதல் படத்தையே தொட்டுவிட்டார்கள்!

பேராசிரியர் பீமராவ் தாள்களைப் புரட்டினார். "ஒட்டுறவே இல்லைன்னுதாம்மா வருது. வெள்ளிக்கிழமை அறிக்கையில அப்படியே எழுதிடுவோம்."

"சார், ஒருத்திக்கு ஜுரம்னா அவ பூவை மத்தவங்க வித்துக் குடுக்குறாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்ததை எழுத முடியாதும்மா. அளந்ததைத்தான் எழுதணும்."

யமுனாவுக்குச் சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு பொய் அந்தப் பெண்களைப் பற்றி அச்சில் ஏறிவிட்டால் யார் வந்து அழிப்பது? மறுநாள் காலையிலேயே, அவர்களில் ஒருத்தியான வெள்ளையம்மாள் பூக்கூடைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க்கா எல்லாரும் இதையே தொட்டீங்க?"

"பின்னே? மத்ததெல்லாம் கிரகணம் புடிச்ச மாதிரியில்ல இருக்கு! சாமிக்குக் கட்டுற கையி. எங்க ஆளுங்களைக் கொண்டுபோய்க் கிரகணத்துல வைக்கச் சொல்றீங்களே டீச்சரம்மா, நல்லாவா இருக்கு?"

யமுனா தாளைப் பார்த்தாள். வட்டங்கள் ஏறிய இடமெல்லாம் ஜெராக்ஸில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. "அட, நான் ஒரு மண்டு!"

"நாங்க சொல்லலீங்க, நீங்களே சொல்லிக்கிட்டீங்க" என்றது அடுத்த கூடை. தெருவே சிரித்தது.

தாளை ஓரங்கட்டினாள் யமுனா. வாழைநாரில் ஆளுக்கு ரெண்டு வளையம் செய்தாள். சிவப்பு நூல் சுற்றியது 'நீங்க', சுற்றாதது 'உங்க கூட்டம்'. ஒருத்தி வைப்பதை இன்னொருத்தி பார்க்கக் கூடாதென்று, காலியாய்க் கிடந்த ஒரு கடைக்குள் ஒவ்வொருத்தராக அழைத்து, எவ்வளவு ஒட்டுதலோ அவ்வளவு கிட்டத்தில் தரையில் வைக்கச் சொன்னாள். வெள்ளையம்மாள் வளையங்களைத் தரையிலேயே வைக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, இழுத்து முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள். அடுத்து வந்தவளும் அதையே செய்தாள். இப்படியே முப்பத்தைந்து முடிச்சு!

வெள்ளிக்கிழமை பீமராவ் உதட்டைப் பிதுக்கினார். "உங்க மனசு நோகக்கூடாதுன்னு எல்லாரும் முடிஞ்சு குடுத்திருப்பாங்க."

"எல்லாரும் இல்ல சார்." யமுனா ஒரு போட்டோவை நீட்டினாள். ரெண்டு வளையமும் ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. "இவங்க ஆனந்தவள்ளி. திருவெள்ளறையிலேருந்து வந்து எட்டு நாள்தான் ஆகுது. யார் பேரும் இன்னும் சரியாத் தெரியாதாம்."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிக்கை காத்திருக்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளந்துட்டு வாங்க."

அளந்தாள். முப்பத்தைந்து முடிச்சும் அப்படியே இருந்தது. ஆனந்தவள்ளியின் வளையம் மட்டும் நகர்ந்து வந்து, மற்றதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பழகப்பழக அளவும் ஏறுதும்மா! இதுதாம்மா கருவி!" மேஜையில் ஓங்கித் தட்டினார் பீமராவ். ஏழு நிலையோடு எட்டாவதாக 'முடிச்சு' என்று அறிக்கையில் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

சேதி தெருவுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் இடுப்பில் கைவைத்து எழுந்தாள். "எங்களைப் போயி ஏழுலயே நிறுத்தப் பார்த்தாங்களா?" கேட்டுக்கொண்டே யமுனா கழுத்தில் மல்லிகை மாலையைப் போட்டாள். முப்பத்தாறு பேரும் போட்ட குலவையில் பஸ்ஸுக்குப் போனவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தச் சந்தோஷம் உங்க வாசலுக்கும் வரட்டும் கண்ணுகளா. உங்க வீட்டுல உலை குறையாம, பிள்ளைங்க நோய்நொடி இல்லாம, வந்தவங்க வயிறு நிறைஞ்சு போக, எல்லாரும் நல்லா இருங்க.