ஈக்கு மேல் எம்எக்ஸ்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு கல்லூரியின் தேர்வுக் குறைதீர் குழு, பிறவியிலேயே பார்வையற்ற அபிராம் என்னும் மாணவனின் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டது. வகைக்கெழுச் சமன்பாட்டுத் தாளில் அவன் மூன்றாம் முறையும் தோற்றிருந்தான். விதிப்படி நான்காம் முறை கிடையாது. இந்தத் தாள் போனால் பட்டம் போயிற்று.

முதல் இரண்டு முறையும், அவனுக்காக விடை எழுதக் கல்லூரி அமர்த்தியவர்கள் அவன் சொல்லும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதித் தாளை வெள்ளையாக விட்டார்கள். இம்முறை தனக்காக எழுத அவனே ஆள் தேடினான். கிடைத்தவள் மகா; பள்ளுருத்தியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பாண்டித்துரையின் மகள், வரலாறு படிப்பவள். கணக்குப் படித்தவர் எழுதக் கூடாது என்பது விதி. வீட்டு மொழியான தமிழில் சொன்னால் வேகமாகச் சொல்லலாம் என்பது அபிராமின் எண்ணம்.

குழுத் தலைவர் பாக்கியலக்ஷ்மி டீச்சர் பாலக்காட்டுக்காரர், தமிழ் அறிந்தவர். விடைத்தாளைப் புரட்டினார்.

"மோனே, 'ஒய் சமம் எம்எக்ஸ் பை ஈ'ன்னு நீயா சொன்னே?"

"பையா? இல்லையே டீச்சர்."

"கோடு போட்டு, மேல எம்எக்ஸ், கீழ ஈ. தாள் முழுக்க இப்படித்தான்."

அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகா முன்னால் சாய்ந்தாள். "அண்ணே, நீங்க 'ஈக்கு மேல எம்எக்ஸ்'னுதானே சொன்னீங்க? மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னா பின்னம்தானே? அதான் கோடு போட்டேன்."

"ஈயைப் பிடிச்சுக் கீழே அடைச்சு, மேலே மச்சு கட்டிட்டா!" என்றார் அபிராமின் அப்பா பிச்சுமணி.

'அடுக்கு' என்று அவன் சொல்ல வந்ததற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அந்த வீட்டில் அதை எவரும் சொன்னதில்லை. மிளகுக் கிடங்கில் கணக்கெழுதும் பிச்சுமணி, பாடப் புத்தகத்தை மகனுக்கு உரக்க வாசிக்கும்போது 'ஈக்கு மேலே' என்றே வாசித்தார். ஈ என்ற எழுத்தின் வலத்தோளில் எம்எக்ஸ் சிறிதாக ஏறி நிற்பதை அவன் உள்ளங்கையில் விரலால் வரைந்தும் காட்டினார். உள்ளங்கையில் வாங்கிக்கொண்டவனுக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. மகாவின் கையில் எவரும் வரையவில்லை. அவன் சொல்ல அவள் எழுதிப் பழகிய மாலைகளில் பிச்சுமணி கிடங்கில் இருந்தார். அந்தத் தாள்களைப் பார்க்க வேறு கண்ணும் இல்லை.

எது கெட்டது என்று அபிராமுக்கு விளங்கியது. ஈயின் அடுக்காக எம்எக்ஸை வைத்து எத்தனை முறை வகையிட்டாலும் அது தன் உருவிலேயே திரும்பி வரும்; ஒவ்வொரு முறையும் முன்னால் ஓர் எம் சேரும், அவ்வளவே. அதனால்தான் அதை உத்தேச விடையாக வைத்துப் பார்க்கிறார்கள். எல்லா உறுப்புகளிலிருந்தும் அதை வெளியே எடுத்துவிட்டால், எம்மின் இருபடிச் சமன்பாடு மிஞ்சும். தாளில் இருந்ததோ, ஒருமுறை வகையிட்டால் எக்ஸை இழந்துவிடும். மறுமுறை வகையிட்டால் பூச்சியம்.

"எம் ரெண்டு, எம் மூணுன்னு விடை சரியாத்தானே வந்திருக்கு, டீச்சர்?" என்றார் பிச்சுமணி.

"அதான் வினை. முதல் வரி தப்பு, அடுத்த வரி சரி. எங்கிருந்தோ பார்த்து எழுதினதாக்கும்னு திருத்தினவர் குறிச்சிருக்கார்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி உண்டு. எழுதினவ வேணும்னே மாத்தி எழுதினான்னு நீ புகார் கொடுத்தா, தாளை ரத்து பண்ணி மறுதேர்வு வைக்கலாம். ஆனா இந்தப் பெண்குட்டி ரெண்டு வருஷம் எந்தப் பரீட்சையும் எழுத முடியாது."

"கொடுத்துடுடா," என்றார் பிச்சுமணி. "இது போனா உனக்கு வேற என்னடா இருக்கு?"

"அண்ணே, எங்கப்பா என்னயக் கடையில உக்கார வச்சிருவாரு," என்றாள் மகா.

அபிராம் யோசித்தான். "'வேணும்னே'ங்கற வார்த்தையை எடுத்துட்டு எழுதலாமா, டீச்சர்?"

"எடுத்தா அது வெறும் பிழை. நீ கொண்டுவந்த ஆளோட பிழை உன் பிழைதான்."

"'வேணும்னே'ங்கறது பொய்யாச்சே. அவ நான் சொன்னதைத்தானே எழுதினா?"

"பொய்யாம்! ஊர்ல எல்லாரும் அரிச்சந்திரன், பாரு!" பிச்சுமணி மகனின் தோளைப் பிடித்தார். "முடிவாச் சொல்லு. கொடுக்கறியா, இல்லையா?"

"இல்லைப்பா."

அப்படி மறுத்ததில் அவனுக்கு ஆறுதல் எதுவும் இல்லை. 'வேணும்னே' என்ற அந்த ஒரு சொல்லை நீக்க டீச்சர் இசைந்திருந்தால் அவன் உடனே கைநாட்டு வைத்திருப்பான். மகாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கவும் மாட்டான். அது அவனுக்கே தெரிந்தது.

குழு அன்றே முடிவு செய்தது. விடைத்தாளில் எழுதப்பட்டிருப்பது மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது, மதிப்பெண் மாற்றப்படவில்லை. புகார் இல்லாததால் மகாவின் மீது நடவடிக்கை இல்லை. வாய்ப்புகள் முடிந்தபடியால், அபிராமின் பெயர் பட்டப்படிப்புப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது.