குமிழ் சுற்றுகிறதா?

கணேசமூர்த்திக்கு அடுத்தவர் சொல்லி எதையும் கேட்டுப் பழக்கமில்லை. பழைய சாமான் கடை முதலாளியான தவுக்கே அந்தப் பழைய ஃபிலிம் கேமராவைக் கையில் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னார். ஃபிலிமின் நுனியை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் நன்றாகச் செருகணும். ஓரத் துளைகள் சக்கரப் பற்களில் உட்கார்ந்திருக்கின்றனவா பார்த்துவிட்டு மூடணும். மூடின பிறகு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தால், இடது பக்கக் குமிழும் கூடவே சுற்றும். சுற்றாவிட்டால் ஃபிலிம் மாட்டவில்லை என்று அர்த்தம். “தெரியும் தவுக்கே, எல்லாம் தெரியும் லா” என்று இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலு வருஷமாக வாசல் மிதிக்காத தம்பி பரமேஸ்வரன், மகன் ஹரிதாஸின் கல்யாணப் பத்திரிகையோடு ஆயர் குரோ வீட்டுக்கு வருவதாக இருந்தது. பேச்சு நின்று போனதற்குக் காரணமும் ஒரு பத்திரிகைதான். கணேசமூர்த்தி தன் மகள் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் தட்டோடு போய் அழைத்தார். ‘தம்பிதானே, வீட்டு ஆளுக்கு என்ன சம்பிரதாயம்’ என்று அவனுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். கூடப் பிறந்தவனுக்கு வாட்ஸ்அப்பிலா! எந்தத் தம்பிக்குத்தான் பொறுக்கும்? அவன் கல்யாணத்துக்கு வரவில்லை. இவரும் போய்க் கூப்பிடவில்லை. ரோஷத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு.

முந்தின நாள் பரமேஸ்வரன் அண்ணி திலகவதிக்குத்தான் ஃபோன் போட்டான். “அண்ணி, மண்டப வாசல்ல நானும் அண்ணனும் சேர்ந்து நிக்கிற படம் ஒன்னு பெருசா வைக்கணும். அண்ணன் பழைய கேமரா ஒன்னு வாங்கியிருக்காராமே, அதுலயே எடுக்கச் சொல்லுங்க.”

நாலு வருஷத்தில் தம்பி கேட்ட முதல் காரியம். கணேசமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே சாப்பாட்டு மேசையில் கேமராவின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபிலிம் நுனியைப் பிளவில் செருகிய நேரம் பார்த்து வாசலில் ஹார்ன் கேட்டது. பட்டென்று மூடினார். குமிழாவது ஒன்றாவது, ஓடிப்போய் கேட்டைத் திறந்தார்.

பரமேஸ்வரனும் மனைவி பவானேஸ்வரியும் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் அடுக்கிய தட்டை முறையாக நீட்டினார்கள். கணேசமூர்த்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தம்பி முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“யாரும் கைப்பேசிய எடுக்கக் கூடாது. இன்னைக்கு எல்லாம் ஃபிலிம்தான்!” என்று உத்தரவு போட்டார். கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் பரமேஸ்வரன் இரண்டு உருவமாகத் தெரிந்தான். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒன்றாகச் சேர்ந்தன. தூரம் சரிபார்த்துத் திலகவதி கையில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்த் தம்பி பக்கத்தில் நின்றார். சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால், வாழை மரத்தடியில் என்று எடுத்துத் தள்ளினார்கள்.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். ஒரு ஃபிலிமுக்கு முப்பத்தாறு படம்தான், அது முடிந்திருக்க வேண்டும். இழுத்துப் பார்த்தால் லீவர் இன்னும் லேசாக ஓடியது, எண் ஏறிக்கொண்டே போனது. முப்பத்தெட்டு. நாற்பது.

“அது என்னங்க, அள்ள அள்ளக் குறையாத சட்டியா?” என்றாள் திலகவதி.

கணேசமூர்த்தி தவுக்கே சொன்னதை நினைத்துக்கொண்டார். குமிழைப் பார்த்துக்கொண்டே லீவரை இழுத்தார். குமிழ் அசையவில்லை. முதுகைத் திறந்தார். காலையில் செருகிய நுனி பிளவிலிருந்து நழுவி, சும்மா சுருண்டு கிடந்தது. மொத்த ஃபிலிமும் டப்பாவுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. ஒரு படம்கூட விழவில்லை.

கேமராவை மேசையில் வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, ‘தம்பி, சாரி, படம்’ என்று தட்ட ஆரம்பித்தார்.

திலகவதி எட்டிப் பார்த்தாள். “திரும்பவும் வாட்ஸ்அப்பா? உங்களுக்குப் பட்டும் புத்தி வராதா?”

சுருக்கென்றது. தட்டியதை அழித்தார்.

“வெளிச்சம் போறதுக்குள்ள தம்பி வீட்டுக்கே கெளம்புங்க” என்று, தம்பி கொண்டுவந்த தட்டையே எடுத்து அதில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தாள். “வந்த தட்ட வெறுமனே திருப்பக் கூடாது. இதையும் கொடுங்க.”

தம்பி வீடு இருக்கும் சுங்கை ஊடாங் போய்ச் சேரும்போது மணி ஐந்தரை. கைலியோடு கார் கழுவிக்கொண்டிருந்த பரமேஸ்வரன், கேட் பக்கம் கையில் பழத்தட்டும் கேமராவுமாக நின்ற அண்ணனைப் பார்த்துக் குழாயைக் கீழே போட்டான்.

“என்னண்ணே? அண்ணிக்கு ஏதாச்சுமா?”

“அவளுக்கு ஒன்னுமில்ல. படம் ஒன்னும் விழல, தம்பி. ஃபிலிம மாட்டத் தெரியாம மாட்டிட்டேன். எல்லாம் என் அவசரம்.”

பரமேஸ்வரன் சிரித்துவிட்டான். “இதுக்கா இவ்வளவு தூரம்? ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே லா.”

“மெசேஜ் போட்டுத்தானேடா நாலு வருஷம் போச்சு” என்றார் கணேசமூர்த்தி. “அன்னைக்கு என் புள்ள கல்யாணத்துக்கு உன்ன இப்படி நேர்ல வந்து கூப்பிட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்.”

பரமேஸ்வரன் சிரிப்பதை நிறுத்தினான். ஈரக் கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டான்.

“பவானி, அண்ணனுக்குத் தேத்தண்ணி போடு. அப்புறம் வந்து படம் எடு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

கணேசமூர்த்தி கார் பானெட்டின் மேல் துண்டை விரித்துக் கேமராவைத் திறந்தார். இந்தத் தடவை நுனியை ஆழமாகச் செருகினார். பற்களில் துளை உட்காருகிற வரைக்கும் விரலால் பிடித்துக்கொண்டார். மூடினார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“தம்பி, எனக்குச் சரியாத் தெரியல. இந்தக் குமிழ நீ பாரு. நான் இழுக்கிறேன்.”

பரமேஸ்வரன் அண்ணன் தோளோடு தோள் ஒட்டிக் குனிந்தான். கணேசமூர்த்தி மெதுவாக லீவரை இழுத்தார்.

“சுத்துதாடா?”

“சுத்துதுண்ணே.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நல்லாவே சுத்துதுண்ணே” என்றான் பரமேஸ்வரன். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை.