குகைக்குள் இரண்டு பேர்

எழுபத்தைந்தாம் வருஷம் குவைத்தில், ஃபஹாஹீலில் அந்தச் சீனப் படத்துக்குப் போனது என் புத்திகெட்ட வேலை. மறுநாள் காலை மேனேஜர் முன்னால் நின்று, என் டிப்ளமா போலி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் காலியாக இருந்த ஒரே குடும்பக் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகும். ஜலஜாவும் குழந்தையும் திருச்சியிலேயே கிடக்க வேண்டியதுதான். எல்லாம் ஒரு மொட்டைக் கடிதம் செய்த வேலை. "மேட்னி பார்த்துட்டு வா, பதிலை நான் எழுதி வைக்கறேன்" என்று ரூம்மேட் கோபாலசாமிதான் அனுப்பினான். குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்தவர்கள் வரிசையில் எனக்கு அடுத்தவன். ஆனாலும் தங்கமான மனுஷன்.

பக்கத்து ஸீட்டில் பார்த்தால் சதக்கத்துல்லா! கீழக்கரைக்காரர், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர். போன மாதம் அவர் அரிசியில் வண்டு இருக்கிறதென்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கத்தினேன். "இதுக்கு ஒருநாள் அனுபவிப்பீங்க" என்றார். பத்தே நாளில் மொட்டைக் கடிதம். வேறு யார் எழுதியிருப்பார்கள்?

திரையில் ஒரு சீனச் சிப்பாயும் ஜப்பான் சிப்பாயும் குண்டுக்குப் பயந்து ஒரே குகைக்குள் ஒதுங்கினார்கள். ஒருவன் கையையே மற்றவன் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நீட்டிய கடலையைத் தொடவில்லை.

படம் முடிந்தும் வெளியே போக முடியவில்லை. மணல்காற்று. "மாஃபி, மாஃபி", கிடையாது என்று காவலாளி கதவைச் சாத்திவிட்டான். எவ்வளவு நேரம்தான் பேசாமல் உட்காருவது? பொறுக்க முடியாமல், பதில் எழுதச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"நீங்கதானே பாய்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நான் எழுதியிருந்தா மேல எழுநூத்தி எம்பத்தாறுல்ல போட்டிருப்பேன்? இதுல என்ன இருக்கு, பாருங்க."

ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம். உச்சியில் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழி. நூறு தடவை படித்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் என் கண்ணிலேயே படவில்லை.

"சந்தேகம் வரக்கூடாதுன்னு நீங்களே போட்டிருக்கலாமே" என்றேன். எனக்கு விட மனமில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அன்று காலை எங்கள் ரூமிலிருந்து போன மளிகைச் சீட்டு. துவரம்பருப்பு, புளி, மிளகாய். உச்சியில் அதே சுழி. அடியில் அதேபோல் வளைந்த இரண்டு கோடு, முடிவில் ஒரு புள்ளி.

"வாரா வாரம் பாக்குறேன் சார். எனக்குத் தெரியாதா?"

எங்கள் ரூமில் சீட்டு எழுதுவது கோபாலசாமி.

பாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வெட்கம் விடவில்லை.

"சர்டிபிகேட் பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

"காலையிலதான் கோபாலசாமி கையில குடுத்தேன் பாய். பதிலோட சேத்து வைக்கணும்னு கேட்டான்."

பாய் கார்ச் சாவியோடு எழுந்தார். காவலாளியிடம் அரபியில் சத்தம் போட்டுக் கதவைத் திறக்க வைத்தார். மணலில் கண் தெரியாமல், அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

ரூமில் கோபாலசாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். என்னையும், என் பின்னால் நின்ற பாயையும் பார்த்தான்.

"சர்டிபிகேட்டா?" என்றான். "எங்கிட்ட எப்ப குடுத்தே?"